பாதையைக் காக்கும் கைகள்

மலைப்பாதை ஒன்றை உண்டாக்குவது யார்? நடப்பவர்களின் கால்களே என்று எளிதில் விடை கூறிவிடலாம். சமவெளிக்கு இவ்விடை பெரும்பாலும் பொருந்தும். வயல்வெளியில் நாலு பேர் நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை தானே விழுந்துவிடுகிறது. ஆனால் மழையும் பனியும் மாறி மாறிப் பொழியும் நெடிய மலைத்தொடரில் நிலைமை வேறு. அங்கே புயலடித்த ஓரிரவில் நூறு மரங்கள் குறுக்கே சாயும். ஒரு கோடை கழிவதற்குள் முட்புதர்கள் இருபுறமிருந்தும் வந்து கைகோத்துக்கொள்ளும். மழைநீர் பாதையையே தன் வாய்க்காலாக்கி மண்ணை அரித்துச் செல்லும். நடக்கும் கால்கள் பெருகப் பெருக அந்த அரிப்பும் பெருகும். ஆகவே கால்கள் பாதையைத் தொடங்கி வைக்கலாம். அதை நிலைநிறுத்துவன கைகளே. இந்த உண்மையை நூறாண்டுக் காலமாக மெய்ப்பித்து வரும் ஒரு பாதையின் வரலாற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், அட்லாண்டிக் கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக நீண்டு கிடக்கிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் முகடுகளின் வழியே, தெற்கில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி வடக்கில் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் முடிகிறது ஒரு நடைபாதை. அப்பலாச்சியன் நெடும்பாதை என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அது கடந்து செல்லும் மாநிலங்கள் 14. முழுப் பாதையையும் ஒரே பயணமாக நடப்பவருக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். அவ்வாறு புறப்படுவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே இறுதி மலையைக் காண்கின்றனர். வழிநெடுக மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைக் குறிகள் தீட்டப்பட்டுள்ளன. ஒரு குறியைக் கடந்ததும் அடுத்த குறி கண்ணில் படும். இரவு தங்குவதற்கு 250-க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. மூன்று புறம் சுவரும், ஒரு புறம் திறப்பும், மேலே கூரையும், உறங்குவதற்குப் பலகைத் தளமும் கொண்ட எளிய குடில்கள் அவை.

இவ்வளவையும் அரசே திட்டமிட்டு, பொறியாளர்களைக் கொண்டு அமைத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. இதை எண்ணிப் பார்த்தவர் துயரில் மூழ்கிக் கிடந்த ஒரு தனிமனிதர். இதைத் தரையில் வரைந்தவர்கள் வார இறுதியில் அரிவாளும் கோடரியும் எடுத்துச் சென்ற அலுவலர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், இல்லத்தரசிகள்.

துயரில் பிறந்த எண்ணம்

பெண்டன் மெக்கை 1879-ஆம் ஆண்டு பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று அரசின் வனத்துறையில் பணியாற்றியவர். அவருடைய மனைவி ஜெஸ்ஸி ஹார்டி ஸ்டப்ஸ் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உலக அமைதிக்காகவும் உழைத்த பெண்மணி. மன அழுத்தத்தால் நெடுநாள் வாடிய அவர், 1921 ஏப்ரல் திங்களில் நியூயார்க் நகரின் ஆற்றில் வீழ்ந்து உயிர்நீத்தார். நிலைகுலைந்து போன மெக்கையை, நண்பரும் கட்டடக்கலை இதழொன்றின் ஆசிரியருமான சார்லஸ் ஹாரிஸ் விட்டேக்கர் நியூ ஜெர்சியிலிருந்த தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். தனிமையில் தவித்தவருக்கு நண்பர் கொடுத்த மருந்து வேலை. பல ஆண்டுகளாக மனத்தில் ஊறிக் கிடந்த ஒரு கருத்தை எழுதுமாறு அவர் தூண்டினார். அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் ஹட்சன் கில்டு பண்ணை என்னுமிடத்தில் விட்டேக்கர், கட்டடக்கலைஞர் கிளாரன்ஸ் ஸ்டைன் ஆகிய இருவரிடமும் மெக்கை தம் திட்டத்தை விளக்கினார். அக்டோபர் திங்களில் அது அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில் கட்டுரையாக வெளிவந்தது.

அக்கட்டுரையைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். மலையேறும் பொழுதுபோக்கைப் பற்றியதன்று அது. உழைக்கும் மக்களின் வாழ்வைப் பற்றியது. கிழக்குக் கரையின் தொழில் நகரங்களில் கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. அவர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைத்தாலும், அதைக் கழிப்பதற்கு இடமில்லை. ஆனால் ஓரிரவு ரயில் பயணத்தில் எட்டக்கூடிய தொலைவில் ஒரு மலைத்தொடரே வெறிதாகக் கிடந்தது. முகட்டின் மீது ஒரு பாதை; ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் தங்குகுடில்கள்; அவற்றையொட்டி மக்கள் கூடி வாழும் சமுதாய முகாம்கள்; அங்கேயே உணவு விளைவிக்கும் பண்ணைகள் என்று நான்கு படிகளாக அவர் கண்ட கனவு விரிந்தது. போட்டியின் இடத்தில் கூட்டுறவு வேரூன்ற ஒரு நிலம் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நான்கு படிகளுள் முதலிரண்டே நிறைவேறின. எஞ்சிய இரண்டும் தாளிலேயே நின்றுவிட்டன.

நினைவிழந்த மனிதனைப் போல் இருந்தவர், தம் துயரத்தைத் தமக்குள்ளேயே வைத்துப் பூட்டாமல், முகமறியாத பிறருடைய இளைப்பாறுதலுக்கு வழி தேடினார் என்பது என் உள்ளத்தைத் தொடும் செய்தி.

கனவும் கருவியும்

எண்ணம் அழகானது, ஆனால் எண்ணத்தின் மீது யாரும் நடக்க முடியாது. முதற்பகுதி நியூயார்க் மாநிலத்தின் பேர் மலைப் பகுதியில் 1923 அக்டோபரில் திறக்கப்பட்டது. இதழாளர் ரேமண்ட் டோரி தம் பத்திரிகைப் பத்தியின் வாயிலாகத் தொண்டர்களைத் திரட்டினார். 1925 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் கூடிய கூட்டத்தில் அப்பலாச்சியன் நெடும்பாதைப் பேரவை தோன்றியது. அதன்பின் வேலை ஏறத்தாழ நின்றுபோயிற்று. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியதும் பணியே முடிந்துவிட்டதாக எண்ணுவது எந்நாட்டிலும் உள்ள நோய்தான் போலும்!

அந்நிலையை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் பெர்க்கின்ஸ் என்னும் ஓய்வுபெற்ற நீதிபதி. மற்றவர் மைரன் ஏவரி. மெய்ன் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான லூபெக்கில் 1899-இல் பிறந்த ஏவரி, வாஷிங்டனில் கடல்சார் சட்ட வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1927-இல் அங்கே பொட்டோமாக் நெடும்பாதைச் சங்கத்தை நண்பர் சிலருடன் தொடங்கினார். 1931-இல் பேரவையின் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஏவரி கனவு காணும் இயல்பினர் அல்லர். ஒரு மிதிவண்டிச் சக்கரத்தில் அளவுமானியைப் பொருத்தி, அதைத் தள்ளிக்கொண்டே மலைகளில் நடந்தார். ஒவ்வொரு திருப்பத்தையும், ஒவ்வோர் ஊற்றையும், ஒவ்வொரு கிளைப் பிரிவையும் குறிப்பேட்டில் பதிந்தார். பாதை எங்கே மங்கியிருக்கிறது, எந்தச் சங்கம் தன் பகுதியைப் புறக்கணித்திருக்கிறது என்று கடிதத்தின் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார். வழிகாட்டி நூல்களைத் தொகுத்தார். குறிகள் எவ்வாறு தீட்டப்பட வேண்டும், புதர்கள் எவ்வளவு அகலத்திற்கு வெட்டப்பட வேண்டும் என்பதிலெல்லாம் ஒரே சீர்மையை வற்புறுத்தினார். அவருடைய கண்டிப்பால் மனம் புண்பட்டவர்கள் பலர். ஆயினும் அவர் தாம் செய்யாத வேலையைப் பிறரிடம் கேட்டவர் அல்லர். 1936-இல் பாதையின் எல்லாப் பகுதிகளையும் நடந்து முடித்த முதல் மனிதர் அவரே.

நெடும்பாதையின் அமைப்புமுறை இக்காலத்தில்தான் உருப்பெற்றது. முழுப் பாதையையும் ஒரே நிறுவனம் பராமரிப்பது இயலாத செயல். எனவே அது துண்டு துண்டாகப் பகுக்கப்பட்டு, அந்தந்த வட்டாரச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சங்கம் தன் பகுதியை மேலும் சில மைல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பினரிடமோ குடும்பத்திடமோ கொடுத்தது. அந்த இரண்டு மூன்று மைல்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஆண்டில் சில முறை சென்று, சாய்ந்த மரத்தை அறுத்து, புதரை வெட்டி, மங்கிய குறியை மீண்டும் தீட்டி, மழைநீர் அரிக்காதபடி பாதையின் குறுக்கே கல்லும் கட்டையும் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். இன்றுவரை இதே ஏற்பாடுதான் நிலவுகிறது. ஏறத்தாழ முப்பது சங்கங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி இப்பணியைச் செய்து வருகின்றனர். காட்டு இயல்பு கெடாதவாறு சட்டத்தால் காக்கப்பெற்ற பகுதிகளில் எந்திர ரம்பத்திற்கு இடமில்லை; அங்கே இன்னும் இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் கை ரம்பத்தால்தான் மரத்தை அறுக்கிறார்கள்.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியும் ஒருவகையில் இப்பணிக்குத் துணைநின்றது. வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933-இல் அமைத்த இயற்கைப் பாதுகாப்புப் படையினர் பல இடங்களில் பாதை வெட்டினர், குடில்கள் கட்டினர். மெய்ன் மாநிலத்தின் அடர்ந்த காட்டைக் கடந்து பாதை அமைப்பது இயலாது என்று பேரவை ஒரு கட்டத்தில் கைவிட எண்ணியதுண்டு. தம் பிறந்த மாநிலத்தை விட்டுவிட ஏவரிக்கு மனம் வரவில்லை. 1937 ஆகஸ்ட் 14-ஆம் நாள், மெய்னில் ஸ்பால்டிங், சுகர்லோஃப் ஆகிய இரு மலைகளுக்கிடையே எஞ்சியிருந்த கடைசிச் சிறு துண்டும் வெட்டி முடிக்கப்பட்டது. எண்ணம் எழுத்தாகிப் பதினாறாண்டுகளில் பாதை முழுமை பெற்றது.

இருவர் பிரிந்தனர்

அந்த மகிழ்ச்சியில் மெக்கை பங்கேற்கவில்லை. அதற்கு ஈராண்டு முன்பே கனவு கண்டவருக்கும் கட்டி முடித்தவருக்கும் இடையே உறவு முறிந்துவிட்டது.

காரணம் ஒரு தார்ச்சாலை. வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனண்டோவா தேசியப் பூங்கா அமைந்தபோது, மலைமுகட்டின் மீதே கார்கள் செல்லும் ஸ்கைலைன் சாலையை அரசு போடத் தொடங்கியது. தொண்டர்கள் அரும்பாடுபட்டு வெட்டிய நடைபாதை அச்சாலைக்கு வழிவிட்டு விலக வேண்டியதாயிற்று. மெக்கை கொதித்தார். எந்திர ஓசையிலிருந்து மனிதனை விடுவிக்கவே பாதை. அந்த எந்திரத்தையே முகட்டில் ஏற்றினால் பாதையால் என்ன பயன் என்பது அவர் வாதம். ஏவரியின் நிலை வேறு. சாலையை நம்மால் தடுக்க முடியாது. அரசோடு பகைத்தால் உள்ளதும் போகும். ஒத்துழைத்தால் புதிய தடத்தை அரசே வெட்டிக் கொடுக்கும். பாதை தொடர்ச்சியாக இருப்பதே முதன்மை என்றார் அவர். 1935-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் இருவருக்கும் இடையே கசப்பான கடிதங்கள் சென்றன. அத்துடன் தொடர்பு அற்றது. மெக்கை 1935-இல் காட்டு நிலங்களைக் காப்பதற்காக வேறு சிலருடன் சேர்ந்து வனநிலக் கழகம் ஒன்றை நிறுவி, தம் ஆற்றலை அதன்பால் திருப்பினார்.

யார் சொன்னது சரி? இருவரும் சொன்னது சரி என்று கூறி நழுவிவிட நான் விரும்பவில்லை. ஏவரியின் வழி இல்லாதிருந்தால் பாதை ஒருபோதும் முழுமை பெற்றிராது. ஆனால் மெக்கையின் எதிர்ப்பு இல்லாதிருந்தால், எது பாதை, எது வெறும் நடைமேடை என்ற வேறுபாடே மறக்கப்பட்டிருக்கும். 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய வனநிலப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் மெக்கை தோற்றுவித்த கழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலும் பர்னபாவும் மாற்கின் பொருட்டுக் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்ததையும், அதனால் ஒரு பயணம் இரு பயணங்களாயிற்று என்பதையும் நாம் அறிவோம். பணி பெருகியது உண்மை. பிரிவு வலித்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இவ்விருவருடைய வாதத்திலும் பேசப்படாத மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. ஷெனண்டோவா பூங்காவுக்காக, தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் வாழ்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. சிலர் இழப்பீடு பெற்றனர். சொந்தப் பத்திரமின்றிக் குடியிருந்த ஏழைகள் பலருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கும் நூறாண்டு முன்பு, தென்பகுதி மலைகளில் வாழ்ந்த செரோக்கி மக்கள் 1838-இல் படைகளால் விரட்டப்பட்டு மேற்கே நடத்திச் செல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் அந்த வெளியேற்றத்தில் மாண்டனர். நெடும்பாதையின் மிக உயரமான இடமாகிய 2,025 மீட்டர் சிகரத்திற்கு 2024 செப்டம்பரில்தான் அம்மக்களின் பழைய பெயரான குவோஹி மீண்டும் சூட்டப்பட்டது. இளைப்பாறுவோர் நடக்கும் முகடுகளில் இளைப்பாற விடப்படாதவர்களின் கல்லறைகளும் உள்ளன. பாதையின் புகழைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

நடந்தவர்கள் கண்ட உண்மை

முழுமை பெற்ற அடுத்த ஆண்டிலேயே, 1938-இல், பெரும்புயல் ஒன்று வடகிழக்கு மாநிலங்களின் காடுகளைச் சாய்த்தது. பிறகு போர் வந்தது. வெட்டுவதற்குக் கைகள் இல்லை. பல பகுதிகள் மீண்டும் காடாயின. 1948-இல் ஏர்ல் ஷேஃபர் என்ற இளைஞர் தெற்கிலிருந்து புறப்பட்டார். பசிபிக் போர்முனையில் பணியாற்றியவர் அவர். சிறுவயது முதல் உடன் நடந்த நண்பரைப் போரில் பறிகொடுத்தவர். போரின் சுமையை நடந்தே இறக்கி வைக்க விரும்பினார். வழிகாட்டி நூல் கைக்குக் கிடைக்காமல், சாலைப் படங்களின் துணையோடு, குறிகள் அழிந்த இடங்களில் தடுமாறித் தேடி, 124 நாள்களில் கட்டாடின் சிகரத்தை எட்டினார். ஒரே பயணத்தில் முழுப்பாதையும் நடந்ததாக முதன்முதலில் அறிவித்தவர் அவரே. பேரவையினர் முதலில் நம்பவில்லை. அவருடைய நாட்குறிப்பையும் படங்களையும் கண்ட பின்னரே ஏற்றுக்கொண்டனர். பாதையைக் காப்பவர்களே அதன் முழுமையை நம்பாதிருந்த காலம் அது!

1955-இல் நடந்தவர் எம்மா கேட்வுட். வயது 67. பதினொரு பிள்ளைகளின் தாய். கணவனின் கொடுமையைப் பல்லாண்டு தாங்கிப் பின்னர் மணமுறிவு பெற்றவர். மாத இதழொன்றில் பாதையைப் பற்றிய கட்டுரையைப் படித்து ஆவல் கொண்டார். ‘நடந்துவிட்டு வருகிறேன்’ என்ற அளவில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காலில் சாதாரணத் துணிக் காலணி. தோளில் தம் கையால் தைத்த பை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. கூடாரமும் இல்லை, படுக்கைப் பையும் இல்லை. 146 நாள்களில் நடந்து முடித்தார். தனியாக முழுப்பாதையையும் ஒரே பயணமாக நடந்த முதல் பெண்மணி அவர். பிறகும் இருமுறை அப்பாதையை முடித்தார்.

நாளிதழ்கள் அந்த மூதாட்டியைக் கொண்டாடின. ஆனால் அவர் புகழ்ச்சியில் மயங்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னார். இதழில் படித்தது போலப் பாதை இல்லை, பல குடில்கள் எரிந்தும் இடிந்தும் கிடக்கின்றன, குறிகள் இல்லை, குறுக்கே மரங்கள் கிடக்கின்றன என்று குறைகளை அடுக்கினார். அவருடைய சொல்லும் செய்தித்தாள்களில் வந்த அவருடைய படமும் பாதையின்பால் நாட்டின் கவனத்தைத் திருப்பின. அன்பு கொண்டவர் சொல்லும் குறை பகைவர் சொல்லும் குறை போன்றதன்று. குறை கேட்டவர்கள் முகஞ்சுளிக்காமல் ரம்பத்தை எடுத்தார்கள் என்பதே இங்கு நாம் போற்ற வேண்டியது.

நிலம் யாருடையது?

இதற்குள் வேறோர் இடர் தலைதூக்கியது. பாதையின் பெரும்பகுதி தனியார் நிலங்களின் ஊடே சென்றது. உழவரின் நல்லெண்ணமும் ஒரு கைகுலுக்கலுமே அதற்கு ஆதாரம். நிலம் கைமாறியதும் வேலி வந்தது. விடுமுறை இல்லங்கள் வந்தன. முகட்டில் நடந்தவர்கள் பல மைல் தூரம் தார்ச்சாலையோரம் நடக்க வேண்டியதாயிற்று. தொண்டர்களின் கைகளால் மரத்தை அகற்ற முடியும். வேலியை அகற்ற முடியாது. சட்டத்தின் துணை தேவைப்பட்டது.

பேரவைத் தலைவர் ஸ்டான்லி மரே போன்றோர் இடைவிடாது முயன்றனர். 1968 அக்டோபர் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் தேசிய நெடும்பாதைகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். நாட்டின் முதல் இரு தேசிய இயற்கை எழில் நெடும்பாதைகளுள் ஒன்றாக அப்பலாச்சியன் பாதை அறிவிக்கப்பட்டது. மேற்குக் கரையில் உள்ள பசிபிக் முகட்டுப் பாதை மற்றொன்று. பத்தாண்டுகள் கழித்து, 1978-இல் நிறைவேறிய திருத்தம், பாதையின் இருபுறமும் நிலம் வாங்க 9 கோடி டாலர் வரை செலவிட இசைவளித்தது. பெரும்பாலோர் விரும்பி விற்றனர், மறுத்தவர் சிலரின் நிலம் சட்டப்படி கையகப்படுத்தப்பட்டது, மனக்கசப்பும் எழுந்தது. இன்று பாதையின் 99 விழுக்காட்டிற்கும் மேலான பகுதி பொதுநிலத்தில் உள்ளது.

நிலம் அரசுடைமையானதும் பராமரிப்பும் அரசு அலுவலரின் கைக்குப் போயிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1984-இல் தேசியப் பூங்காத் துறை ஓர் உடன்படிக்கையின் வாயிலாக அந்நிலங்களைப் பேணும் பொறுப்பைப் பேரவையிடமே ஒப்படைத்தது. பொதுச்சொத்தின் காவலைக் கூலியில்லாத் தொண்டர்களின் அமைப்பிடம் ஓர் அரசு நம்பி விட்டது அரிய செயல். அறுபதாண்டுக் காலம் கைகளால் காட்டிய நம்பகத்தன்மைக்குக் கிடைத்த சான்று அது. பேரவை 2005-இல் தன் பெயரைப் பாதுகாப்பு அமைப்பு என மாற்றிக்கொண்டது.

கதவு திறந்த ஆலயங்கள்

நெடுவழி நடப்பவருக்குப் பாதையும் குடிலும் மட்டும் போதா. நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி உணவுப்பொருள் வாங்க வேண்டும்; துணி துவைக்க வேண்டும்; புண்பட்ட காலுக்கு ஓய்வு தர வேண்டும். வழியிலுள்ள சிற்றூர்களுக்கு இவர்கள் முதலில் புதிராகவே தோன்றினர். தாடி வளர்ந்து, வியர்வை நாறி, முதுகில் மூட்டையோடு வரும் அந்நியரை யார் வீட்டிற்குள் சேர்ப்பார்?

முதலில் கதவைத் திறந்தவற்றுள் பல ஆலயங்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் டெலவேர் வாட்டர் கேப் ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1976 முதல் தம் ஆலயத்தின் அடித்தளத்தை நடைப்பயணிகளுக்கு இடமாக்கினர். வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஊரில் மெதடிஸ்ட் சபையார் ஒரு வீட்டையே ஒதுக்கினர். நம் திருச்சபையும் பின்தங்கவில்லை. வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் இயேசு சபைக் குருக்கள் பயணியர் விடுதி நடத்தினர். வர்ஜீனியாவின் பியரிஸ்பர்க் ஊரில் திருக்குடும்ப ஆலயப் பங்கினர் பல்லாண்டுகள் விடுதி ஒன்றைப் பேணினர். நியூயார்க் மாநிலத்தின் கிரேமூர் குன்றில் பிரான்சிஸ்கன் சபையினர் தம் மடத்து நிலத்தில் பயணிகளுக்கு இடமளித்து வந்துள்ளனர். யாரிடமும் சமயம் கேட்கப்படவில்லை. விரும்பியதைப் பெட்டியில் இடலாம் என்பதே பெரும்பாலும் கட்டணமாக இருந்தது.

விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று புனித பெனடிக்ட் தம் ஒழுங்குமுறை நூலில் ஆறாம் நூற்றாண்டிலேயே வகுத்தார். அதைக் குருமடத்தில் நாங்கள் பாடமாகப் படித்ததுண்டு. அக்கட்டளை அழகுள்ளதாகத் தோன்றுவது பாடநூலில்தான். நடைமுறையில் அதன் பொருள், சேறு படிந்த காலணிகளை வாசலில் வரிசைப்படுத்துவதும், கழிவறையைக் கழுவுவதும், இரவு பத்து மணிக்குத் தட்டும் கதவைத் திறப்பதுமே. பியரிஸ்பர்க் பங்கு மக்களில் பெயர் தெரியாத சிலர் இதைச் செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அந்த மலைப்பாதையில் பத்து மைல்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

மீண்டும் அதே கைகள்

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் என்னும் பெரும்புயல் வட கரோலினா, டென்னசி, தென்மேற்கு வர்ஜீனியா மலைகளைத் தாக்கியது. எண்ணற்ற மரங்கள் பாதையின் மீது வீழ்ந்தன. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. டமாஸ்கஸ், ஹாட் ஸ்பிரிங்ஸ் போன்ற, பல்லாண்டுகளாக வழிப்போக்கரை வரவேற்ற ஊர்களுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நூறாண்டு உழைப்பு வீணாயிற்று என்று கலங்கியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் சங்கத்தினர் ரம்பங்களோடு மலையேறத் தொடங்கினர். தமக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு மைலை நோக்கித்தான் ஒவ்வொருவரும் சென்றனர். முழுப்பாதையையும் எண்ணி மலைக்காமல், தம் இரண்டு மைலை எண்ணியதால்தான் அவர்களால் தொடங்க முடிந்தது.

மைரன் ஏவரி 1952-இல் பொறுப்பிலிருந்து விலகிய சில வாரங்களிலேயே, 52 வயதில், இறந்தார். போருக்குப் பின் சிதைந்து கிடந்த பாதை மீண்டும் முழுமை பெற்றதை அதற்கு முந்திய ஆண்டு கண்டுவிட்டே அவர் கண்மூடினார். மெக்கை 1975 டிசம்பரில், 96 வயதில் மறைந்தார். இருவரும் கடைசிவரை சமாதானம் செய்துகொள்ளவில்லை.

ஆனால் மலைகள் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மெய்ன் மாநிலத்தில், 1937-இல் கடைசித் துண்டு வெட்டப்பட்ட இடத்திற்குச் சற்று வடக்கே, பிகலோ மலையின் சிகரமொன்று ஏவரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே, நெடும்பாதை தொடங்கும் அதே ஸ்பிரிங்கர் மலையிலிருந்து, மெக்கையின் பெயரால் வேறொரு நீண்ட பாதை புறப்பட்டுச் செல்கிறது. கனவு கண்டவரின் பெயர் ஒரு முனையில். கட்டியவரின் பெயர் மறுமுனைக்கு அருகில். இடையே கிடக்கும் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பவை யாருடைய பெயரும் எழுதப்படாத கைகள். அடுத்த வசந்தத்தில் அக்கைகளில் ஒன்று வண்ணக் குவளையைத் திறந்து, மங்கிய குறியின் மீது மீண்டும் ஒரு முறை வெள்ளையடிக்கும். அதைப் பார்த்து ஒருவர் தயங்காமல் அடுத்த அடி எடுத்து வைப்பார். தீட்டியவர் யாரென்று அவருக்குத் தெரியாது.